பாறை ஓரத்தில் அக்காவின் சிலிப்பர்

1984-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கிரீஸ் நாட்டுக் கடலோரத்தில், கப்பல் பயணத்தின் நடுவே ஒரு நாள் பஸ்ஸில் ஊர் சுற்றப் போனபோது நடந்தது இது. மலேசியாவில், ஈப்போ குனோங் ராபாட்டில் குடியிருந்த என் அக்காவுக்கும் கிரீஸ் நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் என்னை வளர்த்தது அக்காதான். அவள் பால்மரம் வெட்டினாள், நான் பள்ளிக்கூடம் போனேன். எழுபதுகளின் தொடக்கத்தில் தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்துக்கு ஆள் எடுத்தார்கள். எழுதிப் போட்டேன், கிடைத்தது, போனேன். பயிற்சி முடிந்து அங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்டேன். எனக்குக் கொஞ்சம் அதிகார குணம் உண்டு. தாதி உடுப்பு போட்ட பிறகு அது இன்னும் கூடிப்போனது என்று அக்கா கேலி செய்வாள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவளைத்தான் முதலில் தேடுவார்கள். ஒப்பாரி எடுத்துக் கொடுக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. செத்தவர் என்ன வேலை பார்த்தார், எதை ஆசையாகச் சாப்பிடுவார், யாரோடு சண்டை, எல்லாவற்றையும் அந்த நிமிடத்திலேயே பாட்டாகக் கட்டுவாள். மற்ற பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாங்கிப் பாடுவார்கள். கங்காணி கூடத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போய் மரத்தடியில் நிற்பார். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு, கறுப்புக் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, அதே வாயால் சிரிக்கச் சிரிக்கப் பேசவும் செய்வாள்.

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். அக்கா குடும்பம் குனோங் ராபாட்டில், தாமான் என்கிற புதுக் குடியிருப்பில், வரிசை வீடு ஒன்றுக்கு மாறியது. சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் இருந்த கல்லுடைக்கும் இடத்தில் அத்தான் லாரி ஓட்டினார். அவர்களுக்கு ஒரே மகன். இருபது வயது கூட ஆகவில்லை, தொழிற்சாலையில் வேலை கிடைத்து மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தான். ஒரு மழை நாள் சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது, பலகை ஏற்றிய லாரியில் மோதி அந்த இடத்திலேயே போய்விட்டான்.

பெட்டியை மூடியேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்களாம். அக்கா வாசலில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்து ஒப்பாரியின் முதல் அடியை எடுத்திருக்கிறாள். அத்தானின் அண்ணன், டவுனில் ஏதோ ஆபீசில் பெரிய வேலையில் இருந்தவர், ஓடி வந்து தடுத்திருக்கிறார்.

"இது என்ன எஸ்டேட்டா? தாமான்லா இது. ரெண்டு பக்கமும் சீனவங்க, எதுத்தாப்ல மலாய்க்காரங்க. ஒப்பாரி வச்சு மானத்த வாங்காதீங்க."

அவர் கெட்டவர் இல்லை. செலவையெல்லாம் முன்னால் நின்று பார்த்தவரும் அவர்தான். தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு அப்போது அப்படி ஒரு கூச்சம் இருந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டாள். யாரோ டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டார்கள். அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பையனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் நான் வந்து சேர முடிந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். "வா" என்றாள். அவ்வளவுதான். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. மகனுடைய படங்களையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்திருந்தார்கள், அவள் பார்த்தால் தாங்க மாட்டாளாம். சோறு போட்டுக் கொடுத்தால் தின்றாள், குளி என்றால் குளித்தாள். வந்தவர்களெல்லாம், "அழ வைங்கலா, இல்லாட்டி நெஞ்சடைச்சுப் போயிருவா" என்று சொல்லிவிட்டுப் போனார்களே தவிர, எப்படி அழ வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் லீவு முடிந்து திரும்பிப் போனேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அத்தான் இங்கிலாந்துக்குப் போன் போட்டார். அவர் அழுது நான் கேட்டது அன்றுதான். அந்தத் தாமானுக்குப் பின்னால் ஒரு பழைய ஈயக்குட்டை உண்டு. ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் தண்ணீர் நின்று, எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது.

"தங்கச்சி, உங்கக்கா காலையில குட்டக் கரையில போயி நின்னுருக்கா. சிலிப்பரக் கழட்டி ஓரமா வச்சிட்டு நின்னுருக்கா. பக்கத்து வீட்டு சீனரு பாத்து என்னைக் கூப்பிட்டாரு. என்னால தனியா பாத்துக்க முடியலலா."

உடனே டிக்கெட் எடுத்து அனுப்பி அக்காவை என்னிடம் வரவழைத்தேன். டாக்டரிடம் காட்டினேன், மாத்திரை கொடுத்தேன், பார்க்குக்குக் கூட்டிப்போனேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் ஆஸ்பத்திரித் தாதிகள் சிலர் சேர்ந்து, மலிவாகக் கிடைக்கிறது என்று மத்தியதரைக் கடல் கப்பல் பயணம் ஒன்றுக்குப் பதிந்திருந்தார்கள். இரண்டு பேர் வர முடியாமல் போகவே அந்த இரண்டு இடத்தையும் எனக்குத் தந்தார்கள். இடம் மாறினால் மனசு மாறும் என்று புத்தகத்தில் படித்த புத்தி எனக்கு. அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் பெட்டியைக் கட்டினேன், அவள் வந்தாள்.

கப்பலில் ஏறிய பிறகுதான் நான் செய்த காரியத்தின் லட்சணம் எனக்கே உறைத்தது. தண்ணீர்க் கரையில் நின்றவளைக் கொண்டுவந்து நாலு பக்கமும் தண்ணீர் உள்ள இடத்தில் விட்டிருக்கிறேன். பகலில் அவளைக் கப்பல் ஓரத்துக் கம்பிப் பக்கம் போகவிட மாட்டேன். படுக்கும்போது அவள் முந்தானையை என் கையில் முடிந்துகொள்வேன். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள்.

கிரீஸில் ஒரு சின்னத் துறைமுகத்தில் கப்பல் நின்றது. காலையில் பஸ் ஏற்றிக் கடலோரமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, சாயங்காலம் கப்பல் கிளம்பும் முன் கொண்டுவந்து விடுவார்கள். வழிகாட்டியாக வந்த அந்த ஊர்ப் பெண், வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு, ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். மத்தியானம் ஆனால் மழை இறங்கும் எங்கள் பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கடற்கரை நம்ப முடியாத இடம். ஒரே கல்லும் முள்ளும்தான். ஆட்டுக்குட்டி கூட மண் நிறத்தில் இருந்தது. ஒரு பக்கம் மொட்டை மலை, இன்னொரு பக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே நீலக்கடல். அவ்வளவு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் அப்படிக் காய்ந்து கிடந்தது.

இடிந்த கோயில் ஒன்றைக் காட்டினார்கள். எல்லாரும் படம் பிடித்தார்கள். அக்கா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

அங்கிருந்து கிளம்பி ஒரு வளைவில் பஸ் திரும்பியபோது, சாலையின் மலைப்பக்கம் ஊசியிலை மரங்கள் கொஞ்சம் தோப்பாக நின்றன. அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்தாள்.

"தங்கச்சி, அங்க பாரு. மரத்துல மங்கு கட்டிருக்கு."

மகன் போன நாளிலிருந்து அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எட்டிப் பார்த்தேன். உண்மைதான். மரப்பட்டையைச் சீவி, வெட்டுக்குக் கீழே தகர டப்பா வைத்திருந்தார்கள், நம் தோட்டத்தில் பால் பிடிக்க மங்கு வைப்பதைப்போல. வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். பிசின் எடுக்கிறார்கள், வார்னிஷ் செய்யப் போகும் என்றாள். அக்காவுக்குச் சொன்னேன். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

"வெயிலு இம்புட்டு ஏறிப்போச்சு, இன்னும் எடுக்காம வச்சிருக்காங்களே. பால் கட்டிப் போயிருமே," என்றாள். பிசினுக்கு அந்த அவசரமெல்லாம் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வெயில் ஏறும் முன் பால் எடுத்து முடிக்க வேண்டும் என்றே வாழ்ந்தவள். பஸ் அந்த மரங்களைத் தாண்டிய பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு பஸ் நின்ற கடை அங்கிருந்து தூரமில்லை. சாலையோரத்தில் கொடிப் பந்தல் போட்டு மேசை போட்டிருந்தார்கள். சாப்பாடு வருவதற்குள் எங்களோடு வந்த ஓர் ஆங்கிலேயக் கிழவி வெயில் தாங்காமல் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். தாதி யாராவது இருக்கிறீர்களா என்று சத்தம் போட்டார்கள். நான் ஓடினேன். கிழவியைப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, நெற்றியில் ஈரத்துணி போட்டு, கண் விழிக்கும் வரை பக்கத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

கழிப்பறையில் பார்த்தேன், இல்லை. பஸ்ஸில் பார்த்தேன், இல்லை. கடைக்காரர் சாலையைக் கைகாட்டினார். நாங்கள் வந்த வழியாகவே ஓடினேன். வளைவுக்கு வந்ததும் கடல் பக்கத்துப் பாறை ஓரத்தில் அக்காவின் சிலிப்பரைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுங்காக, கடலைப் பார்த்து இருந்தன. பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பத்தின் மேல் கண்ணாடிக் கதவு வைத்த சின்னப் பெட்டி. தபால் பெட்டி என்று நினைத்தேன். அதைத் தவிர அங்கே எதுவும் இல்லை, யாரும் இல்லை.

தவழ்ந்து போய்ப் பாறை விளிம்பில் குனிந்து பார்த்தேன். வெகு கீழே அலை அடித்துக்கொண்டிருந்தது. நுரைக்கு நடுவே மஞ்சளாக ஏதோ ஒன்று மேலே வந்து வந்து அமுங்கியது. அக்கா அன்று மஞ்சள் சேலை கட்டியிருந்தாள்.

எத்தனையோ சாவைப் பார்த்தவள் நான். வேலையில் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அன்று, "அக்கா! அக்கா!" என்று நான் கத்திய கத்தலில் தொண்டை கிழிந்துவிட்டது. அத்தானுக்கு என்ன சொல்வேன்? எனக்காக மரம் வெட்டி வெட்டித் தேய்ந்துபோன உயிரை இவ்வளவு தூரம் கூட்டிவந்து கடலில் கொடுத்துவிட்டேனே என்று மண்ணில் அடித்துக்கொண்டேன். பின்னாலேயே ஓடிவந்த வழிகாட்டிப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். "வலை மிதவை. மீன்காரர்களுடையது. ஆள் இல்லை, நன்றாகப் பார்," என்றாள். எனக்குப் பார்க்கத் தெம்பில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. முதலில் என் மூளைதான் கலங்கிவிட்டது என்று நினைத்தேன். சாலைக்கு அந்தப் பக்கம், மரங்களுக்குள்ளிருந்து வந்தது. சிலிம் ரிவர் தோட்டத்தில் எத்தனையோ சாவு வீட்டில் கேட்ட குரல்.

"ரெண்டு வாளி பால் சுமந்தேன், தோளு வலி கண்டதில்ல,
நாலு பேரு தூக்கிப் போக நான் பெத்த பாரமா நீ..."

ஓடினேன். ஒரு மரத்தடியில் அக்கா முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே, தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்திய அந்த ஊர்ப் பெண் ஒருத்தி. வயது அக்காவைவிடக் கூடுதலாக இருக்கும். பக்கத்தில் பிசின் சேர்க்கும் தகர டின் சாய்ந்து கிடந்தது. இருவரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு அடி பாடி மூச்சு வாங்கினால், அந்தப் பெண் தன் பாஷையில் ஒரு அடி எடுத்தாள். அவள் முடித்ததும் அக்கா. இவளுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவள் பாஷை தெரியாது. ஆனால் ஓர் இடத்தில் கூட முறை தவறவில்லை.

அக்காவின் முகம் முழுக்கக் கண்ணீர். மூக்கிலும் வாயிலும் வழிந்து மார்புச் சேலை நனைந்திருந்தது. பிறந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். அவன் வாங்கித் தந்த சேலை, அவன் விட்டுப்போன அரைத் தட்டு மீகோரேங், மூடிவைத்த பெட்டிக்குள் கடைசியாகப் பார்க்க முடியாமல் போன முகம். மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வீட்டில் யாரும் அதுவரை அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல விட்டதில்லை.

பஸ்ஸில் வந்தவர்கள் சிலர் அதற்குள் அங்கே வந்துவிட்டார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவளைப் பிரித்து எழுப்ப வேண்டாமா என்று என்னுடன் வேலை செய்யும் தாதி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். என் கைப்பையில் மாத்திரை இருந்தது. கையை உள்ளே விடவும் செய்தேன். பிறகு வெறுங்கையை வெளியே எடுத்தேன். சாலையில் பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார், கப்பலுக்கு நேரமாகிறது. வழிகாட்டிப் பெண் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, போய் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு ஹாரன் கேட்கவில்லை. "என் அம்மாவின் கிராமத்திலும் இப்படித்தான் அழுவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது," என்றாள் என்னிடம்.

எனக்கு ஒப்பாரி தெரியாது. படிப்பு என்று சின்ன வயதிலேயே விடுதிக்குப் போனவள். தெரியாவிட்டால் என்ன? போய் அவர்கள் பக்கத்தில் மண்டியிட்டு இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். என் அக்கா மகனுக்காக நானும் அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒப்பாரி தானாக அடங்கியது. கறுப்பு உடை போட்டவள் தன் தண்ணீர்க் குடுவையைச் சாய்த்து, ஈரக் கையால் அக்காவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். அக்கா அவள் முகத்தைத் துடைத்தாள். பிறகு தன் கூந்தலை முடிந்துகொண்டு என்னைப் பார்த்து, "பசிக்குதுடி" என்றாள்.

அந்தப் பெண்ணின் பையில் காய்ந்த ரொட்டியும் அத்திப்பழமும் இருந்தன. எடுத்து நீட்டினாள். அக்கா கூச்சமே இல்லாமல் வாங்கிச் சாப்பிட்டாள். அவள் தின்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பஸ்ஸில்தான் நடந்ததைச் சொன்னாள். அந்த மங்குகளைப் பார்க்கத்தான் போயிருக்கிறாள். வளைவில் அந்தக் கறுப்புடைப் பெண், நான் தபால் பெட்டி என்று நினைத்த பெட்டியைத் திறந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே சாமி படம். சாமி என்று தெரிந்ததும் அக்கா சிலிப்பரைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டிருக்கிறாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு வாலிபன் படமும் இருந்திருக்கிறது.

"யாருன்னு கையக் காட்டிக் கேட்டேன். வயித்தத் தொட்டுக் காமிச்சா. நானும் என் வயித்தத் தொட்டேன். அதுக்கு மேல என்ன பேசணும்? மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சா. அவதான் மொதல்ல எடுத்துக் குடுத்தா தங்கச்சி, நான் வாங்கிக்கிட்டேன்."

அந்த வளைவில்தான் அவள் மகன் லாரியோடு சரிந்து இறந்தானாம், அந்தப் பக்கத்தில் அப்படி இறந்தவர்களுக்குச் சாலையோரத்தில் விளக்குப் பெட்டி வைப்பார்களாம் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். மயங்கி விழுந்த கிழவி பின்னால் திரும்பி, அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தார். கப்பல் எங்களுக்காகக் காத்திருந்தது. படியேறும்போது எல்லாரும் முறைத்தார்கள், முறைக்கட்டும் என்று ஏறினோம். அன்று படுக்கும்போது நான் அவள் முந்தானையை எடுக்கவில்லை.

அக்கா உடனே பழைய அக்கா ஆகிவிட்டாள் என்று சொன்னால் பொய். சரியாகச் சாப்பிட, வாய்விட்டுச் சிரிக்க இன்னும் வருடங்கள் ஆயின. ஆனால் குனோங் ராபாட் திரும்பியதும் ஒளித்து வைத்திருந்த படத்தைத் தேடி எடுத்து முன் ஹாலில் மாட்டினாள். அந்தத் தடவை அவனுடைய திதியன்று வாசலில் உட்கார்ந்து, பட்டப்பகலில், தாமான் முழுக்கக் கேட்கும்படி ஒப்பாரி வைத்து அழுதாளாம். அத்தானின் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். பக்கத்து வீட்டுச் சீன அம்மா இரும்புக் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது, சத்தம் போடாதே என்று சொல்லத்தான் வருகிறார் என்று எல்லாரும் பயந்திருக்கிறார்கள். அவர் சிமெண்டுத் தரையில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முடிக்கும் வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாராம். எந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து அவள் வாயை மூடினார்களோ, அந்தப் பக்கத்து வீடு அது.

நானும் சில வருடங்களில் ஈப்போவுக்கே திரும்பி, ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தேன். வார்டில் யாராவது இறந்து, பெற்றவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டால், ஊசியைத் தேடி நான் ஓடுவதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சத்தமா அழும்மா, கேக்குறவங்க கேக்கட்டும்" என்று சொல்லி அவள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறேன்.